தாமதமாக வரும் பிள்ளையை வாசலில் நிறுத்தும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இன்றைக்கும் வகுப்பெடுக்கிற ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம்.

என் ஏழாம் வகுப்பில் ஒரு பையன், ஒரு பருவம் முழுக்கத் தாமதமாகவே வந்தான். தினமும் பத்து நிமிடம். வாசலில் நிற்க வைத்தேன். சில நாள் ஸ்கேலால் அடித்தும் இருக்கிறேன். கடைசியில் சத்துணவு சமைக்கும் அக்காதான் சொன்னார்: “அந்தப் பிள்ளை மணி அடிக்கும் முன்னாடியே வந்துருதும்மா. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால நிக்குது. நீங்க அட்டெண்டன்ஸ் எடுத்து முடிச்ச அப்புறம்தான் உள்ள வருது.”

அவனுக்குத் திக்குவாய். ‘உள்ளேன் அம்மா’ என்று சொல்லி முடிப்பதற்குள் பின் பெஞ்சில் நாலு பேர் ‘உ... உ... உ...’ என்று இழுப்பார்கள். வகுப்பே சிரிக்கும். நான் மேசையைத் தட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவேன். பிள்ளைகள் என்றால் கிண்டல் இருக்கத்தான் செய்யும் என்று நினைத்திருந்தேன். ஒரே பிள்ளையை, திருப்பிப் பேச முடியாத பிள்ளையை, நாள் தவறாமல் செய்தால் அதற்குப் பெயர் கிண்டல் இல்லை, துன்புறுத்தல்.

அதன்பின் நான் செய்தது இன்னொரு தவறு. அந்த நால்வரையும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிறுத்தித் திட்டினேன். அன்று மாலை அவனுடைய பை வாய்க்காலில் கிடந்தது. ‘போட்டுக்கொடுத்தவன்’ என்று பட்டப்பெயரும் வந்து சேர்ந்தது.

கடைசியில் பலன் தந்தது வேறு. அவன் இல்லாத ஒரு நாளில், சிரித்த மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினேன். யார் பெயரையும் எடுக்கவில்லை. பெயர் கூப்பிட்டதும் கையைத் தூக்கினாலே போதும் என்று எல்லோருக்கும் பொதுவாக மாற்றினேன். முன் பெஞ்சில் இரண்டு மூன்று பேர் சிரிப்பதை விட்டதும் பின் பெஞ்சு தானாக அடங்கியது. ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கி, 2009 முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் பரவலான ‘கீவா’ திட்டமும் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத்தான் முக்கியமாகக் கருதுகிறது என்று பின்னாளில் படித்தேன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததைப் படித்தபோது எனக்கு அந்த சைக்கிள் ஸ்டாண்டுதான் நினைவுக்கு வந்தது. சக மாணவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் அந்தப் பட்டியலின மாணவரும் முதலில் பள்ளிக்கு வராமல்தான் நின்றார். காரணம் கேட்டதும் சொன்னார். சொன்னதற்குப் பழியாக வீடு புகுந்து அவரையும் தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். ‘தைரியமாகப் புகார் சொல்’ என்று பிள்ளைக்குச் சொல்கிறோமே, சொன்ன அன்று இரவு அந்தப் பிள்ளைக்கு யார் காவல்?

அதன்பின், மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லத் தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அப்படி ஒருவர் வந்தால், முதலில் வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போட அரசுப் பள்ளிகளில் வைத்த ‘மாணவர் மனசு’ பெட்டி நல்ல ஏற்பாடு. ஆனால் நான் பார்த்த பள்ளிகளில் அது தலைமையாசிரியர் அறை வாசலில் தொங்குகிறது. இடைவேளையில் ஒரு பிள்ளை அதில் காகிதம் போட்டால் பள்ளிக்கூடமே பார்க்கும். அதை நூலகத்துக்குள் மாற்றுங்கள். 14417 (பள்ளிக்கல்வி உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) என்ற இரண்டு எண்களையும் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள்.

அப்புறம், ஒரு பிள்ளை அடிக்கடி தாமதமாக வந்தாலோ இரண்டு மூன்று நாள் வராமல் நின்றாலோ, ‘ஏன் வரவில்லை’ என்று வகுப்பின் நடுவில் கேட்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், சாப்பாட்டுக்கு யாரோடு போகிறாய், எந்த வழியாக வீட்டுக்குப் போகிறாய் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தென்காசி மாவட்டம்.