முன் கடைய ஏன் 22,000க்கு விட்டேன்னா

கண்ணு,

நல்லா இருக்கியா சாமி. ஞாயித்துக்கெழம நீ கோவமா போன வெச்சுட்ட, எனக்கும் அப்ப பேச வாய் வரல, அதான் நெதானமா உக்காந்து எழுதறேன். உங்கப்பா தையக்கடைக்கு 45,000 வாடகை தர்றேன்னு வந்தவங்கள தாட்டி விட்டுட்டு 22,000க்கு எதுக்கும்மா விட்டன்னு கேட்டியே, அதுக்கு ஒரு வார்த்தைல பதில் சொல்ல முடியாது, ரோட்டு நெலவரத்த முழுசா சொன்னாத்தான் உனக்குப் புரியும்.

நீ இருக்கறப்ப பாத்த என்.எஸ்.ஆர். ரோடு வேற, இப்ப இருக்கறது வேற. சாயிபாபா காலனில இந்த ரோட்டுலதான் நாம மாவு அரைச்சோம், செருப்பு தெச்சோம், உனக்கு ஸ்கூல் நோட்டு வாங்கினோம். இப்ப நம்ம வரிசைல வீடா இருக்கறது மூணே மூணு, மத்ததெல்லாம் முன்பக்கம் இடிச்சு கண்ணாடி போட்டு துணிக்கடை, கேக் கடை, வாஃபிள் கடை, நாய்க்கு முடி வெட்டற கடை கூட வந்துருச்சு. நீ ட்யூசன் முடிஞ்சு தேங்கா பன் திங்கற பேக்கரி மட்டும் இன்னும் அப்பிடியே இருக்கு, சாயங்காலமானா காளான் வண்டியும் வந்துருது. வேசாழக்கெழம மட்டும் நாகசாயி கோயில் கூட்டமும் சேந்து கேட்டத் தொறந்து வண்டிய வெளிய எடுக்க முடியறதில்ல.

புதுக்கடை வந்ததெல்லாம் கெட்டதுன்னு நான் சொல்லல கண்ணு. மொதல்லெல்லாம் எட்டு மணிக்கு மேல அந்தத் திருப்பத்துல இருட்டா கெடக்கும், இப்ப மாடில குடியிருக்கற ஐடி புள்ளைங்க பத்து மணிக்குக் கூட தைரியமா நடந்து வர்றாங்க, கடை லைட்டு இருக்கறதாலதான். எதுத்த வீட்டு ரிட்டையர்டு டீச்சரக்கா கூட மொதல்ல காபிக் கடைய கண்டபடி திட்டிட்டு இருந்தாங்க, இப்ப அவங்க பேத்தி வந்தா அங்கதான் கூட்டிட்டுப் போறாங்க.

எனக்கு வெசனமாப் போனது டாக்டர் வீட்டுல வந்த கடையாலதான். கடைன்னு பேரு, ஆனா போர்டு இல்ல, கல்லா இல்ல, உள்ள போயி ஒரு சோப்பு குடுங்கன்னு கேட்டா குடுக்க மாட்டாங்க, செல்போன்ல கேட்டாத்தான் பத்து நிமிசத்துல வீட்டுக்கு வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு லாரி வந்து சரக்கு எறக்கறதும் ஷட்டர் போட்டு ஏத்தறதும், தூக்கம் போச்சு. ஆடிட்டர் வீட்டு மாடில எல்லாரும் ஒட்டுக்கா கூடிப் பேசுனோம். ராத்திரி தொறக்கக் கூடாதுன்னு மனு போடலாம்னு நாங்க சொன்னதுக்கு ஆடிட்டர்தான் சொன்னாரு, பத்து பேரோ அதுக்கு மேலயோ வேல பாக்கற கடைக 24 மணி நேரமும் தொறந்து வெக்கலாம்னு 2019லயே கவர்மென்ட் உத்தரவு போட்டுருச்சு, அதனால நேரத்தப் பத்திப் பேசி பிரயோஜனம் இல்ல, சத்தத்தயும் வண்டி நிறுத்தறதயும் மட்டும் எழுதுங்கன்னு. அப்பிடியே எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு அந்த மேனேஜர்கிட்டயே நேர்ல குடுத்தோம். பைக்கெல்லாம் இப்ப காம்பவுண்டுக்குள்ள நிக்குது, லாரி மட்டும் இன்னும் ராத்திரிதான் வருது.

அந்தக் கடைச் சரக்க பைக்குல கொண்டு போற பசங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அதையும் சொல்லிடறேன். போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்தன்னைக்கு மாடிப் புள்ள அவங்ககிட்டத்தான் எளநீரும் மாத்திரையும் வரவழைச்சுக் குடுத்துச்சு. நம்ம வேப்பமரத்தடில நாலஞ்சு பேரு உக்காந்திருப்பாங்க, ஒரு பையன் முழங்கைல தோலு வழண்டு ரத்தம் காஞ்சு போயி இருந்துச்சு, மஞ்சத்தூள் வெச்சு விடறேன் இருன்னு உள்ள போயி எடுத்துட்டு வர்றதுக்குள்ள போன் கத்திருச்சு, பைய மாட்டிட்டுக் கெளம்பிட்டான். நான் கைல மஞ்சளோட நின்னேன். அதை நெனச்சா இன்னும் என்னமோ பண்ணுது.

ஆனா அண்ணாச்சி கடை சோர்ந்து போச்சுடா. மாசம் பொறந்தா எல்லா வீட்டுல இருந்தும் அரிசி எண்ணை பருப்புன்னு சிட்டை போகும், இப்ப பாலும் தயிரும்தான் போகுதுங்கறாரு. உங்கப்பா ஆஸ்பத்திரில கெடந்த அந்த மூணு மாசமும் நம்ம பேருல நோட்டுல எழுதிட்டே குடுத்தாரு, ஒருக்கா கூட கேக்கல. அது உனக்குத் தெரியாது, அப்ப உனக்குப் பரீட்சை, நான் சொல்லல.

கீரைக்காரம்மா சமாச்சாரம் இன்னொண்ணு. இருபது வருசமா உக்காந்த எடத்துல காபிக் கடை கார் பார்க்கிங்னு போர்டு வெச்சு வாட்ச்மேன் கூடையத் தள்ளி விட்டுட்டாரு. தெருவோர வியாபாரிகளுக்கு 2014லயே தனிச் சட்டம் இருக்கு, கணக்கெடுத்து சான்று குடுக்கணும், இஷ்டத்துக்குத் தொரத்த முடியாதுன்னு ஆடிட்டர் சொல்றாரு, ஆனா அந்தம்மாவுக்கு அந்தச் சான்றெல்லாம் வாங்கத் தெரியல. அதனால நம்ம கடை எறவாரத்துல உக்காந்துக்கோன்னு நான்தான் சொன்னேன். இந்த வாரம் அவங்கள கூட்டிட்டுப் போயி விண்ணப்பம் எழுதிக் குடுக்கறதா இருக்கேன்.

இந்த நெலமைலதான் 45,000காரங்க வந்தாங்க. அவங்களும் குடோன் வெக்கத்தான் கேக்கறாங்க. உங்கப்பா தையக்கடைய ஹாலோட சேத்து சொவத்த இடிக்கணும், பலகைக் கதவ எடுத்துட்டு ஷட்டர் போடணும், வேப்பமரம் லாரிக்கு எடஞ்சல்னு வெட்டணும். நான் அன்னைக்கு ராத்திரி கடையத் தொறந்து உக்காந்தேன். பலகை ஒவ்வொண்ணுலயும் உங்கப்பா பெயின்ட்ல எழுதின நம்பர், சொவத்துல அளவுக் குறிச்ச சாக்பீஸ் கோடு இன்னும் போகல. எனக்கு மனசு வரல.

22,000க்கு வந்திருக்கற புள்ள பெரிய துணிக்கடைல ஒம்போது வருசம் வேல பாத்துச்சு. கடைல வேல பாக்கறவங்க உக்கார நாற்காலி குடுக்கணும்னு 2021ல சட்டம் வந்து ஸ்டூலும் வந்துச்சாம், அதுக்குள்ள கால்ல நரம்பு சுருட்டிருச்சு. வீட்டுக்காரரு மில்லு மூடி வீட்டுல இருக்காரு. ரெண்டு பேரும் காலைல சந்தவை, மத்தியானம் அரிசி பருப்பு சாதமும் ராகி களியும் போடறாங்களாம். எனக்கு ஒரு சட்டி அரிசி பருப்பு செஞ்சு எடுத்துட்டு வந்துச்சு, தேங்காயெண்ணை, பூண்டு, நெய்யி எல்லாம் உங்க பாட்டி கைப்பக்குவம். இந்த ரோட்டுல இத்தினி கடை வந்தும் நம்மூரு சோறு போட ஒருத்தர் இல்ல.

கணக்கும் பாத்துட்டுத்தான் விட்டேன், ஏமாந்துட்டேன்னு நெனைக்காத. பென்சன் வருது, மாடி வாடகை வருது, எனக்குப் போதும். பொகை போக்கிக்கு கொழாய் மாடிக்கு மேல வரைக்கும் ஏத்தணும், எண்ணைத் தண்ணிய சாக்கடைல விடக் கூடாது, கீரைக்காரம்மா எறவாரத்துலயே உக்காரும், மரத்தத் தொடக் கூடாதுன்னு நாலும் அக்ரிமென்ட்ல எழுதியாச்சு. இப்பெல்லாம் வாடகை ஒப்பந்தம் எழுத்துல போட்டு பதியணுமாம், ஆடிட்டரே செஞ்சு தர்றேன்னுட்டாரு. கடைக்குத் தனி மீட்டர்தான், கரண்ட் அவங்க கட்டிக்குவாங்க. டீச்சரக்காவுக்குத்தான் பொகை வருமோன்னு இன்னும் பயம், ஒரு மாசம் பாருங்க, ஒத்து வரலைன்னா நானே பேசறேன்னு சொல்லியிருக்கேன்.

தை பொறந்ததும் கடை தொறக்கறாங்க. 7ம் நம்பர் பலகை கரையான் அரிச்சுப் போச்சு, ஆசாரிகிட்ட புதுசு சொல்லியிருக்கேன். நம்பர் எழுத பெயின்டர் வர்றாரு, உங்கப்பா எழுத்து மாதிரி அவருக்கு வராது, உனக்குத்தான் அச்சா அதே கை. ஒரு வெள்ளைத் தாள்ல பெருசா 7 எழுதி போட்டோ புடிச்சு வாட்ஸ்ஆப்ல அனுப்பு சாமி, வெள்ளிக்கெழமைக்குள்ள.

உன்ற அம்மா