குவெஸ்ட் மார்க்கரை அணைத்தாலும் ஆட முடியட்டும்: பெத்தெஸ்டாவுக்கு ஒரு திறந்த மடல்

பெத்தெஸ்டா கேம் ஸ்டுடியோஸ் வடிவமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் கற்பனை உலக வீடியோ கேம் வரிசையில் அடுத்ததான எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6 வரப்போகிறது என்று 2018 ஜூனில் ஒரு மலைக்காட்சியைக் காட்டிவிட்டுப் போனீர்கள். கிராபிக்ஸ் பற்றியும் மேப்பின் பரப்பளவு பற்றியும் கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாங்கள் கேட்பது ஒன்றுதான். குவெஸ்ட் மார்க்கரை, அதாவது ஒரு பணிக்கு (குவெஸ்டுக்கு) எங்கே போக வேண்டும் என்று காட்டும் குறியை, அணைத்துவிட்டு ஆடுகிறவரும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர வழி இருக்க வேண்டும்.

இது உங்களுக்குப் புதிது அல்ல. 2002-இல் வந்த, இந்த வரிசையின் மூன்றாவது கேமான மோரோவிண்டில் மார்க்கரே கிடையாது. பால்மோரா ஊரில் ஹஸ்ஃபட் அன்டபோலிஸ் என்ற பாத்திரம் ஒரு ட்வெமர் (மறைந்துபோன பழைய இனம்) புதிர்ப்பெட்டியைக் கேட்பார், வழியையும் சொல்வார். ஊரின் தெற்கே வெளியேறி, ஒடாய் ஆற்றுப் பாலத்தைக் கிழக்கே கடக்க வேண்டும். கைகாட்டி அருகே கல்டேரா சாலையில் வடக்கே திரும்பி, உடனே கிழக்கே மேடேறும் பழைய பாதையைப் பிடிக்க வேண்டும். ஃபொயாடா மமேயா என்ற பள்ளத்தாக்கின் மேலே பழைய ட்வெமர் பாலம் வரும், அக்கரையில் ஆர்க்ன்தாண்ட் இடிபாடு. கதவு தள்ளினால் திறக்காது, பக்கத்துக் குழாயில் உள்ள கைப்பிடியைத் திருப்ப வேண்டும். இத்தனையும் ஜர்னலிலும் (கேமுக்குள் இருக்கும் குறிப்பேடு) பேச்சிலுமே கிடைக்கும். ஆடுகிறவர் கைகாட்டியைப் படிப்பார், பாலத்தைத் தேடுவார், குழாயைக் கவனிப்பார்.

போகும் வழிக்கும் ஒரு விலை இருந்தது. ஓடிக்கொண்டே போனால் ஃபட்டீக் என்ற உடல்தெம்பு அளவு தீரும். அடி விழும் வாய்ப்பை ஃபட்டீக் முழுதாக இருந்தால் 1.25-ஆலும், காலியாக இருந்தால் 0.75-ஆலும் கேம் பெருக்கும். ஆயுதத் திறன் 30, அஜிலிட்டி (சுறுசுறுப்பு) 40, லக் (அதிர்ஷ்டம்) 40 உள்ள புது ஆளுக்கு இது சுமார் 52 சதவீதத்துக்கும் 31 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம். எதிரி விலகிக்கொள்வது தனி. “மோரோவிண்டில் வாள் படவே மாட்டேன் என்கிறது” என்று புலம்புகிறவர்களில் பலர் மூச்சு வாங்க ஓடிப்போய்ச் சண்டை போட்டவர்கள்தான்.

அதற்காக மோரோவிண்டை அப்படியே திரும்பக் கேட்கவில்லை. சில இடங்களில் சொன்ன திசையே தப்பு. ஜர்னல் வெறும் தேதி வரிசையில் கிடந்தது. குவெஸ்ட் வாரியாகப் பார்க்கும் வசதி ட்ரைபியூனல் என்ற கூடுதல் தொகுப்போடுதான் வந்தது.

2006-இல் அடுத்த கேமான ஒப்லிவியனில் எல்லா வசனத்துக்கும் குரல் கொடுத்தீர்கள். பேச்சு சுருங்கியது, வழி சொல்வது போயிற்று, காம்பஸில் அம்பு வந்தது. குரல் பதிவுக்குச் செலவாகும், புரிகிறது. ஆனால் ஜர்னலை யாரும் வாசித்துக் காட்டுவதில்லையே! அங்கேயும் ஏன் சுருக்கினீர்கள்? 2025-இல் வந்த அதன் ரீமாஸ்டரில் (புதுப்பித்த பதிப்பில்) லெவல் ஏறும் முறையைத் திருத்திய நீங்கள் இதைத் தொடவில்லை.

அதற்கு அடுத்து வந்த ஸ்கைரிமில் இரண்டு முனையையும் பார்க்கலாம். பொன் நகம் குவெஸ்டில் ரிவர்வுட்டின் கமில்லா உங்களைப் பாலம் வரை கூட்டிப்போய், பிளீக் ஃபால்ஸ் பாரோவுக்கு எந்தப் பாதை என்று காட்டுகிறாள். உள்ளே இருக்கும் வட்டக் கதவின் விடை (கரடி, அந்துப்பூச்சி, ஆந்தை) நகத்தின் உள்ளங்கையில் செதுக்கியிருக்கிறது. இன்வென்ட்ரியில் திருப்பிப் பார்த்தால் போதும். மார்க்கர் எதற்கு? மறுமுனையில் பரென்ஸியாவின் கற்கள். 24 கல், மார்க்கர் இல்லை, குறிப்பும் இல்லை. கடைசியில் எல்லோரும் விக்கியைத் திறக்கிறார்கள். அம்பை எடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

“ரேடியன்ட் குவெஸ்டில் இடத்தைக் கேம்தான் தேர்ந்தெடுக்கிறது, வழியை எப்படி முன்கூட்டியே எழுதுவது?” என்பீர்கள். குவெஸ்டுக்கு எழுதாதீர்கள், இடத்துக்கு எழுதுங்கள். ஒவ்வொரு குகைக்கும் கோட்டைக்கும் மூன்று வரி: எந்த மாகாணம், பக்கத்து ஊரிலிருந்து எந்தத் திசை, கண்ணில் படும் அடையாளம் என்ன. குவெஸ்ட் தொடங்கும்போது இடத்தின் பெயரை நோக்க வரியில் நிரப்புகிற அதே ஏலியஸ் முறை இந்த மூன்று வரியையும் ஜர்னலில் நிரப்பிவிடும். ஸ்கைரிமில் மேப்பில் குறியிட்ட இடங்கள் 300-க்கு மேல். ஆக, ஏறக்குறைய ஆயிரம் வரி எழுத்து, குரல் செலவு ஏதுமில்லை. குவெஸ்ட் வரிகளில் இடவிவரம் சேர்க்கும் வேலையை மோட் (ரசிகர்கள் செய்யும் மாற்றம்) எழுதுகிறவர்கள் சம்பளமில்லாமல் செய்து காட்டியாயிற்று.

2023-இல் வந்த உங்கள் விண்வெளிக் கேமான ஸ்டார்ஃபீல்டின் வழியில் மட்டும் போய்விடாதீர்கள். ஸ்கேனரைத் தூக்கினால் தரையிலேயே அம்பு வரிசை. நகரங்களுக்கு ஒழுங்கான மேப் 2024 மே மாதம்தான் வந்தது. மிஷன் பட்டியலில் இருந்தே கிரகத்துக்குக் கிரகம் தாவலாம், விமானி இருக்கையில் உட்காரக்கூட வேண்டாம். உருவாக்கிப் போடும் நிலப்பரப்பில் “ஆலமரத்துக்கு இடப்பக்கம்” என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் மரம் எங்கே நிற்கும் என்று எழுதுகிறவருக்கே தெரியாது. கையால் செய்த நிலம்தான் இதற்குச் சரி.

ஃபாஸ்ட் டிராவலை (மேப்பில் கிளிக் செய்து உடனே தாவுவது) நீக்கச் சொல்லவில்லை. ஸ்கைரிமின் பசி, குளிர் எல்லாம் வரும் சர்வைவல் மோடில் அதை அணைத்தீர்கள், மாற்றாக வண்டியைத் தவிர அதிகம் வைக்கவில்லை. மோரோவிண்டில் சில்ட் ஸ்ட்ரைடர் என்ற ராட்சதப் பூச்சி வாகனம், படகு, மேஜஸ் கில்டின் (மந்திரவாதிகள் சங்கம்) வழிகாட்டிகள், குறித்து வைத்த இடத்துக்குத் திரும்பும் மார்க்-ரீகால், பக்கத்துக் கோயிலுக்குத் தூக்கிப்போகும் இரண்டு இன்டர்வென்ஷன் மந்திரங்கள் என்று ஒரு வலையே இருந்தது. எதை எங்கே மாற்றி ஏறினால் சீக்கிரம் சேரலாம் என்று யோசிப்பதே தனி ருசி. அந்த வலையை மேப் கிளிக்கோடு கூடவே வையுங்கள்.

கடைசியாக டெஸ்டிங் பற்றி. மார்க்கரை அணைத்த ஒரு பில்டை (சோதனைப் பதிப்பை) தனியாக வைத்து, ஒவ்வொரு குவெஸ்டையும் அதைப் புதிதாகப் பார்க்கும் டெஸ்டரிடம் கொடுங்கள். ஜர்னலை மட்டும் வைத்து அவரால் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், கதவு திறக்காத பிழையை எப்படிப் பதிவு செய்வீர்களோ அப்படியே அதையும் பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
மார்க்கரை அணைத்துவிட்டு ஆட விரும்புகிறவர்கள்