எழுத்தை எழுத்தாகவே கொடுங்கள்

பார்வையற்றோருக்கான மென்பொருள் வடிவமைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியில் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித் தருகிறேன். போன மாதம் வகுப்பில் நடந்ததை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

கடலூரிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு தம்பி, விண்ணப்பம் ஒன்றில் தன் ஊரை அடித்தான். மஞ்சக்குப்பம். எட்டு எழுத்து. சரிபார்க்க அம்புக்குறியைத் தட்டினான். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானின் குரல் ‘ம’ என்றது. ‘ஞ’, அப்புறம் ‘புள்ளி’. ‘ச’. ‘க’, மறுபடி ‘புள்ளி’. அடுத்து ‘க’, ‘ஊ குறி’. கு இருக்க வேண்டிய இடத்தில் கூ விழுந்திருக்கிறது. அழிக்கும் விசையை ஒருமுறை தட்டினான், எழுத்து போய்விட்டது என்று நம்பி ‘கு’ அடித்தான். உண்மையில் போனது ஊகாரக் குறி மட்டும்தான், ‘க’ அங்கேயே நின்றது. மஞ்சக்ககுப்பம் என்றே விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

உயிரும் மெய்யும் சேர்ந்தால் ஒரே எழுத்து என்பது ஒன்றாம் வகுப்புப் பாடம். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடு, ‘ம’, ‘ச’ போன்றவற்றை ஒரே குறியீடாகவும், ‘கு’, ‘ஞ்’ போல குறியோ புள்ளியோ சேர்ந்தவற்றை இரண்டு குறியீடாகவும் சேமிக்கிறது. மஞ்சக்குப்பத்துக்கு மொத்தம் பதின்மூன்று. சேமிக்கும் முறையில் எனக்குக் குறை இல்லை. அந்தக் கிடங்குக் கணக்கை அப்படியே காதில் கொட்டுவதுதான் தப்பு. குறியீடுகளை எழுத்தாகக் கூட்டிப் பார்க்கும் விதியை யூனிகோடே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் தட்டச்சு செய்யும் ஒரு பெட்டியில் அது வேலை செய்கிறது, இன்னொன்றில் இல்லை.

காரணம், செயலிக்கும் திரைவாசிப்பானுக்கும் நடுவே நிற்கும் இடைமுகம் செயலியிடம் கேட்பது அதிகம். எழுத்து எங்கே முடிகிறது, சொல் எங்கே, வரி எங்கே என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு செயலியும் தானே பதில் எழுத வேண்டியிருக்கிறது. அவசரத்தில் எழுதுபவர் ஆங்கிலத்துக்குச் சரிவருவதோடு விட்டுவிடுகிறார். எண்ணிக்கையிலும் குழப்பம்: யூனிகோடைச் சேமிக்கும் முறைகளில், ஒரே தமிழ்க் குறியீடு யூடிஎஃப்-16-இல் 2 பைட், யூடிஎஃப்-8-இல் 3 பைட். ஒருவர் கணக்கை மற்றவர் அப்படியே எடுத்துக்கொண்டால் கர்சர் ஓரிடம், குரல் ஓரிடம்.

செயலியிடம் மூன்றே மூன்று கேளுங்கள்: உரை, கர்சர் நிற்கும் இடம், தேர்ந்தெடுத்த பகுதி. எழுத்தாகவும் சொல்லாகவும் பிரிப்பதை மொழி தெரிந்த ஒரு பொது அடுக்கில் ஒரே தடவை செய்யுங்கள். சுருக்கினால் ஒன்றும் கெட்டுப்போகாது. லினக்ஸ் பக்கம் ஏடிகே என்ற இடைமுகத்தில், செயலியிடம் உரை கேட்க ‘இதற்கு முன்’, ‘இதே இடம்’, ‘இதற்குப் பின்’ என்று மூன்று அழைப்புகள் இருந்தன. 2.10 பதிப்பில் அந்த மூன்றுக்கும் பதிலாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள்.

குறியை மட்டும் அழிக்கும் வசதி வேண்டும் என்பாரும் உண்டு. சரி, இருக்கட்டும், தட்டச்சில் அது கைகொடுக்கும்தான். ஆனால் அழித்ததும் ‘கூ போய் க நிற்கிறது’ என்று குரல் சொல்லட்டும். அந்த ஒரு வரி கேட்டிருந்தால் தம்பியின் விண்ணப்பம் பிழையில்லாமல் போயிருக்கும்.

சோதனைக்கு ஆங்கில வாக்கியத்தோடு நிற்காதீர்கள். கொ, கௌ, க்ஷ, ஸ்ரீ நான்கையும் வையுங்கள். ‘கொ’வில் வரும் ஒகரத்தை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலுமாகவும் அடிக்கலாம், இரண்டும் காதுக்கு ஒன்றாகவே கேட்க வேண்டும். சோதித்துச் சொல்ல எங்கள் பிள்ளைகள் தயார். முதல் ஆளாக அந்தத் தம்பி உட்காருவான்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து ஒரு கணினி ஆசிரியர்