ஒரு பேர் தாருங்கள்: பழைய செக்ரோலில் இருக்கும் நம் பாட்டன் பாட்டிமாரை வெளியே எடுக்க

தோட்டத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம். இன்னும் லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கும், கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும், கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய்க் குடியேறியவர்களுக்கும், அதற்கும் அப்பால் கடல் தாண்டிப் போனவர்களுக்கும் சேர்த்துத்தான் பழைய புத்தகங்களைக் காப்பாற்ற நாங்கள் அமைத்த குழுவின் சார்பில் இதை எழுதுகிறேன்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவில் நம் தேயிலைத் தோட்டத்துப் பழைய ஆபீசில், கிளாக்கர் மேசைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அதற்குள் பழைய செக்ரோல் புத்தகங்கள் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கின்றன. தகரம் ஓட்டை. கீழ் வரிசைப் புத்தகங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விட்டன, மேலே இருப்பவற்றை இராமபாணப் பூச்சி தின்கிறது, சுவரோரம் கறையான் ஏறிவிட்டது. அறையை உடைத்துக் கட்டப் போகிறார்கள். அதற்கு முன் புத்தகங்களை அங்கேயே வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம், வெளியே கொண்டு போகக் கூடாது என்று நிர்வாகம் எழுத்தில் அனுமதி தந்திருக்கிறது. கேட்டதற்கு இவ்வளவு கிடைத்ததே பெரிது. அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும், மஸ்கெலியா மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டத்தை விட்டு வெளியே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கம். செக்ரோல் என்றால் வருகைக் கணக்கும் சம்பளக் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்த பெரிய புத்தகம். ஒரு ஆளுக்கு ஒரு வரி. முதலில் நம்பர், அப்புறம் பெயர், அதற்கு எதிரே மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் ஆள் நின்று, மலைக்குப் போய், கொழுந்து நிறுத்து முடிந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு குறி விழும். அதற்குப் 'பேர்' என்று பெயர். நிறை காணாவிட்டால் அரைப்பேர். "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்றுதான் இன்றைக்கும் வீட்டில் கேட்கிறோம். ஒரு நாள் கூலிக்கு நம் ஆட்கள் வைத்த சொல்லே பேர் என்பதுதான். அந்தப் பேரைப் போடுவதற்காகத்தான் உங்கள் அப்பாயியின் பெயரும் என் அப்பாயியின் பெயரும் அந்தப் புத்தகத்தில் ஏறின. அவள் யார், எங்கிருந்து வந்தாள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் யாரும் எழுதவில்லை, கணக்குக்காக எழுதினார்கள். ஆனால் எழுதிவிட்டார்கள். அவளைப் பற்றி எழுத்தில் இருப்பது அநேகமாக அந்த ஒரு வரிதான்.

முன்னோர் பெயர் தெரியாமல் போனதால் நம் ஆட்கள் பட்டதை நினைத்துப் பாருங்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, இங்கே பிறந்தவன் என்று சொன்னால் மட்டும் போதவில்லை. தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும், இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், மருத்துவச்சி கையில் பிறந்த மனிதருக்கு எந்தக் காகிதம் இருந்திருக்கும்? முப்பாட்டன் பெயரே தெரியாத குடும்பம் எதைக் கொண்டுபோய்க் காட்டும்? அப்படியே நாடற்றவர்கள் ஆனோம். 1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்று தலையை எண்ணிப் பிரித்தார்கள். அண்ணனுக்கு இந்தியாப் பாஸ்போட், தம்பிக்கு இங்கே மனு. கோச்சி (ரயில்) ஏறும்போது ஒப்பாரி வைத்து அழுததை நேரில் பார்த்த கிழவிமார் நம் தோட்டத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அன்றைக்குப் பிரிந்த குடும்பங்களில் பலர் இன்று ஒருவரை ஒருவர் தேடுகிறார்கள். இந்த வேலைக்கு எங்களை இழுத்ததே அந்தத் தேடல்தான்.

முதலில் மூன்று புத்தகங்களை மட்டும் எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் அவருடைய அம்மா பெயர் ஒரு மாதிரி இருக்கும், வீட்டில் கூப்பிட்ட பெயர் வேறு. செக்ரோலில் அதே பெயரில் நான்கு பெண்கள். எது நம் அப்பாயி என்று தெரியவில்லை. ஒவ்வொரு வரியாகக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தபோது, ஒரு வரியில் மட்டும் அப்பா பிறந்த தேதிக்கு இரண்டு நாள் முன்புவரை பேர் விழுந்திருக்கிறது. அப்புறம் சில வாரம் வெறும் கட்டம். அப்புறம் அரைப்பேர், அரைப்பேர், அரைப்பேர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மலைக்குப் போய், பால் கொடுக்க ஓடி வந்து, மறுபடி ஓடியவளுக்கு நிறை எங்கே காணப் போகிறது? அந்த வெறும் கட்டங்களில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பாயி படம் ஒன்றுகூட எங்களிடம் கிடையாது. இதுதான் இருக்கிறது.

அந்த வரிக்கு மேலே கங்காணியின் பெயர் இருந்தது. அது முக்கியம். ஒரு கங்காணியின் கீழ் இருந்த ஆட்கள் பெரும்பாலும் ஒரே ஊர்ப்பக்கம், ஒன்றுக்குள் ஒன்றான சனம். திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம் என்று அவரவர் பக்கத்தில் போய் ஆள் கட்டிக்கொண்டு வந்தவர்கள் கங்காணிமார்தான். ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு வாங்கியவர்களும் அவர்கள்தான், துண்டு என்ற கடன் சீட்டில் ஒரு கூட்டத்தையே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றியவர்களும் அவர்கள்தான். 1921இல் துண்டு முறையை சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அதற்கு முன்பு ஒரு குடும்பம் இரண்டு மூன்று தோட்டம் மாறியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், கங்காணியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் குடும்பமும் கிடைக்கும்.

எழுத்துதான் பெரிய தொல்லை. இங்கிலீசில் எழுதிய கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். ஒரே ஆள் ஒரு மாதம் லெட்சுமி, அடுத்த மாதம் லெச்சிமி, வருடம் மாறினால் லட்சி. கருப்பையாவும் கருப்பனும் ஒருவரா இருவரா என்று நம்பரை வைத்துத்தான் சொல்ல முடிகிறது. ஆகவே பெயரை மட்டும் நம்பி இது நம் பாட்டன் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். நம்பர், கங்காணி, டிவிஷன், வேலைக்கு வராத மாதங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு விதமாக உறுதியாகாத எதையும் நாங்கள் குடும்ப மரத்தில் போட மாட்டோம், சந்தேகம் என்று தனியாக எழுதி வைப்போம்.

செக்ரோலுக்கு வெளியிலும் தேட வேண்டியிருக்கிறது. சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது, அதற்குப் பிறகு வேலை செய்தவர்களின் ஈபிஎப் (சேமலாப நிதி) காகிதம் பல வீட்டில் பெட்டிக்கு அடியில் இருக்கும். பிறப்பு இறப்புப் பதிவுகளுக்குப் பதிவாளர் அலுவலகம் போக வேண்டும். வேதக்கார (கிறிஸ்தவ) குடும்பங்களுக்குக் கோயிலில் ஞானஸ்நானப் புத்தகம் இருக்கிறது, அதில் தாய் தகப்பன் பெயரோடு ஞானத் தாய் தகப்பன் பெயரும் இருப்பதால் நமக்கு இரட்டை லாபம். மாரியம்மன் கோயில் மணியில் உபயகாரர் பெயர் வெட்டியிருக்கிறது, அதையும் படி எடுத்துவிட்டோம். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குச் சில நடை போக வேண்டும். இந்தியாவில் இருக்கும் உறவுகள் கொண்டுபோன கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் மிகப் பெரிய உதவி, ஒரு வீட்டு ஆட்கள் எல்லோரையும் வயதோடு சேர்த்து ஒரே காகிதத்தில் எழுதியது வேறு எங்கேயும் இல்லை. தமிழ்நாட்டுக் கரையில் தோட்டத்து ஆட்களைத் தங்க வைத்த மண்டபம் காம்பு வழியாக வந்தவர்கள், போனவர்கள் என்று வீட்டில் கதை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

காகிதம் முடியும் இடத்தில் கிழவிமார்தான். ஊர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு குடும்பத்துக்கு, தாலாட்டில் வந்த ஒரு கோயில் பெயரை வைத்து அவர்களுடைய ஊர்ப்பக்கம் எது என்று ஓரளவு கண்டுபிடித்திருக்கிறோம். பழைய மஸ்கெலியா டவுன் 1960களின் கடைசியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. தண்ணீர் இறங்கும் காலத்தில் பழைய கோயில் தலைகாட்டும்போது, எங்கே எந்தக் கடை, எந்த வழியில் யார் வீடு என்று கரையில் நின்று கைநீட்டிச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் நாங்கள் குழு அமைத்த பிறகு இறந்துவிட்டார்கள், அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய எங்களால் முடியவில்லை. அது இன்னும் மனதை அறுக்கிறது.

ஏன் இவ்வளவு அவசரம் என்று சிலர் கேட்டார்கள். கம்பெனித் தோட்டங்களை 1975இல் அரசு எடுத்தது, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளுக்குப் போனது. கை மாறும்போதெல்லாம் அலமாரி காலியாகிற பழக்கம் உண்டு. வேறொரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், பழைய புத்தகங்களைக் குழி வெட்டிப் போட்டுக் கொளுத்தியதை எங்கள் குழுவில் ஒருவர் கண்ணால் பார்த்திருக்கிறார். எரிக்கச் சொன்னவருக்கு அது பழைய கணக்கு. அவர்மேல் கோபப்பட்டு இனிப் பிரயோசனம் இல்லை, நம் தோட்டத்தில் அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வோம்.

சரி, பணத்துக்கு வருவோம். புத்தகத்தைச் சேதப்படுத்தாமல் மேலிருந்து படம் எடுக்க ஒரு கேமராவும் தாங்கியும் இரண்டு விளக்கும் வேண்டும். போனில் எடுத்துப் பார்த்தோம், மங்கிய மை விழவில்லை. ஒட்டிய பக்கங்களைப் பிரிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட வேண்டும், அதை நாமே செய்யப் போனால் கிழித்துவிடுவோம். படங்களைச் சேமிக்க இரண்டு வட்டுகள், ஒன்று தோட்டத்தில், ஒன்று வேறு ஊரில். கொழும்புப் பயணம், பதிவாளர் அலுவலகத் தேடல் கட்டணம். அப்புறம், எங்களுக்கு மிக முக்கியமானது, படம் எடுத்துப் பெயர்களைத் தட்டச்சு செய்யப்போகும் நம் லயத்து இளைஞர்கள் நான்கு பேருக்குக் கூலி. இதைத் தொண்டாகச் செய்யச் சொல்லலாமே என்று ஒரு பெரியவர் சொன்னார். எங்களுக்கு அதில் சம்மதமில்லை. கூலி சரியாக விழாத புத்தகங்களைப் படி எடுக்கும் வேலைக்கு நம் பிள்ளைகளைக் கூலியில்லாமல் உட்கார வைப்பது நியாயமாகப் படவில்லை. குழுவில் இருக்கும் நாங்கள் ஒரு சதமும் எடுக்க மாட்டோம், எங்கள் பயணச் செலவும் எங்களுடையதுதான்.

தொகை என்று எதையும் குறிக்கவில்லை. வீட்டுக்கு ஒரு பேர் கேட்கிறோம். நீங்கள் இன்றைக்கு எங்கே வேலை செய்கிறீர்களோ அங்கே உங்களுக்கு விழும் ஒரு நாள் கூலி. மலையில் கொழுந்து எடுப்பவர் தருவதும் ஒரு பேர், டொரண்டோவில் இருப்பவர் தருவதும் ஒரு பேர். முடியாதவர்கள் அரைப்பேர் தாருங்கள், பட்டியலில் வித்தியாசம் காட்ட மாட்டோம், தொகை எழுதாமல் குடும்பப் பெயர் மட்டும்தான் வரும். பெயரே வேண்டாம் என்றாலும் சரி. நேரில் தருபவர்கள் பொருளாளரிடம் தந்து பற்றுச்சீட்டு வாங்காமல் போகாதீர்கள். வெளியூர் ஆட்கள் உங்களுக்குத் தெரிந்த குழு உறுப்பினரைக் கூப்பிட்டுக் கேட்டு, அவர் வாயால் கணக்கு எண்ணை உறுதி செய்துகொண்டு அனுப்புங்கள். யாரோ அனுப்பிய எண்ணுக்குப் போட்டுவிட வேண்டாம். வரவு செலவு ஒவ்வொரு மாதமும் கோயில் பலகையில் ஒட்டப்படும், அதன் படம் எல்லோருக்கும் வரும்.

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு மனக்கசப்பு வரக் கூடாது. பழைய பதிவுகள் சிலவற்றில் சாதி எழுதியிருக்கிறது. கடன் எழுதியிருக்கிறது, அபராதம் எழுதியிருக்கிறது. படத்தில் எதையும் அழிக்க மாட்டோம், ஆனால் எல்லோரும் பார்க்கும் பெயர்ப் பட்டியலில் சாதியும் கடனும் இருக்காது. தன் சொந்தப் பாட்டனின் பக்கத்தை முழுதாகப் பார்க்க விரும்பும் குடும்பத்துக்கு அந்தப் பக்கத்தைத் தனியாகத் தருவோம். அடுத்தவர் வீட்டுப் பாட்டன் எவ்வளவு அரிசிக் கடன் வைத்திருந்தார் என்று தேடுபவருக்குத் தர மாட்டோம். உயிரோடு இருப்பவர்களின் விவரமும் வெளியே போகாது. குழுவில் இதைப் பற்றி மூன்று கூட்டம் பேசி, கொஞ்சம் சத்தம் போட்டுத்தான் முடிவெடுத்தோம், இனி மாற்றுவதாக இல்லை.

பணம் அனுப்ப முடியாத நிலையில் இருக்கும் குடும்பங்கள் ஒதுங்கி நிற்க வேண்டாம். உங்கள் பெட்டியில் இருக்கும் பழைய காகிதத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், மூலத்தைத் தபாலில் போடாதீர்கள். பாட்டன், பாட்டி, பூட்டன், பூட்டி பெயர் எவ்வளவு தெரியுமோ அவ்வளவும், வீட்டில் கூப்பிட்ட பட்டப்பெயரோடு, எந்த லயம், எத்தனையாம் காம்பரா, யார் கங்காணி என்று தெரிந்ததை எழுதி அனுப்புங்கள். இந்தியாவுக்குப் போன வருடம் நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். வீட்டில் எழுபது எண்பது வயதில் யாராவது இருந்தால், இன்று இரவே போனைப் பக்கத்தில் வைத்துப் பேச விட்டுப் பதிவு செய்யுங்கள், கேள்வி நிறையக் கேட்க வேண்டாம், அவர்கள் அம்மா பெயரை மட்டும் முதலில் கேளுங்கள்.

முதல் புத்தகத்தின் படங்கள் தயாரானதும் பிரட்டுக்களத்தில் திரை கட்டிக் காட்டப் போகிறோம். ஒவ்வொரு வரியிலும் இருக்கும் பெயரைச் சத்தமாக வாசிப்போம். யார் வீட்டு ஆள் என்று தெரிந்தவர்கள் எழுந்து சொல்லுங்கள்.