அக்காவின் மார்ஃபின் மாத்திரை

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. சின்னவனுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். ஆனால் அக்காவைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது, கடும் வலிக்குக் கொடுக்கிற, அபினியிலிருந்து எடுக்கும் மார்ஃபின் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நீயோ, போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று பயந்து, அலறும்போது மட்டும் பாதி மாத்திரை கொடுக்கிறாய். இத்தனை வருஷம் மருந்தகத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படிச் செய்யாதே. அந்த மாத்திரை ஏறத்தாழ நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். வலி திரும்பித் தலைதூக்குவதற்குள் அடுத்தது உள்ளே போய்விட வேண்டும். முற்றிய பிறகு கொடுத்தால் அடக்குவது கஷ்டம்; அக்காவும் அடுத்த மாத்திரை எப்போது என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பார். அதை நீ அடிமைத்தனம் என்று நினைத்துக்கொள்வாய். அது வலி, முருகேசா.

உன் பயம் காரணமில்லாதது என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் நடந்ததைப் பார். 1980-இல் ஒரு மருத்துவ இதழில் போர்ட்டர், ஜிக் என்ற இருவர் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் எழுதினார்கள். ஆஸ்பத்திரியில் மார்ஃபின் வகை வலி மருந்து பெற்ற 11,882 பேரில் நாலு பேர்தான் அடிமையானார்கள் என்று. படுக்கையில், நர்ஸ் கண்காணிப்பில் இருந்தவர்களின் கணக்கு அது. அதையே ஆதாரமாகக் காட்டி, வீட்டுக்கு எடுத்துப்போய் மாதக்கணக்கில் விழுங்குவதற்கும் ஆபத்தில்லை என்று பேசினார்கள். 1996-இல் பர்டியூ என்ற மருந்து நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற அதே வகை வலி மாத்திரையை இறக்கியது. முதுகுவலி, மூட்டுவலிக்கெல்லாம் எழுதச்சொல்லி டாக்டர்களிடம் ஆள் அனுப்பியது. அடிமையாக்கும் தன்மையைக் குறைத்துச் சொன்னதற்காக 2007-இல் அந்த நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் எத்தனையோ குடும்பம் அழிந்துவிட்டது. நம் பக்கத்திலேயே பையன்கள் டேபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்வதைப் பேப்பரில் படிக்கிறோமே, வயிறு எரிகிறது.

ஆனால் இங்கே எதிர்ப்பக்கக் கொடுமையும் நடந்தது. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்ததும், லைசென்ஸ் தொல்லைக்கும் தண்டனைக்கும் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வாங்குவதையே விட்டுவிட்டன. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசாங்க அனுமதியோடு அபினி விளைகிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. நம் நோயாளி மட்டும் சுவரைப் பிறாண்டிக்கொண்டு செத்தான். கேரளத்தில் வலி தணிப்புச் சிகிச்சை செய்யும் டாக்டர் ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்கில் போராடி, 2014-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அவ்வளவு பாடுபட்டு அக்கா கைக்கு வந்த மாத்திரையை நீ பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாய்!

பூட்டி வைப்பது சரிதான், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் வேளாவேளைக்கு எடுத்துக் கொடு. ஒரு நோட்டில் நேரத்தையும் வலி எப்படி இருந்தது என்பதையும் குறித்துவை. அளவைக் கூட்டுவதா வேண்டாமா என்பதை டாக்டர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். முதல் சில நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும், பெரும்பாலும் தானாக விட்டுவிடும். மலச்சிக்கல் மட்டும் விடாது, கூடவே மலமிளக்கி வேண்டும். எழுப்பினாலும் எழாமல், மூச்சு ரொம்ப மெதுவாகிவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. உடம்புக்கு மருந்து பழகிவிடும் என்பது உண்மை, அதனால் சட்டென்று நிறுத்தக் கூடாது. கதிர்வீச்சு சிகிச்சையில் வலி குறைந்தால் டாக்டரே படிப்படியாகக் குறைத்துவிடுவார்.

இதுவரை பாதி பாதியாகக் கொடுத்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடு. மலமிளக்கி எழுதியிருக்கிறாரா என்று சீட்டைப் பார். இல்லையென்றால் நாளைக்கே போன் போட்டுக் கேள். பொங்கல் முடிந்ததும் நானும் செல்வியும் அங்கே வருகிறோம். அக்காவுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கிறது என்று எழுது, செய்து எடுத்து வருகிறோம்.

அன்புடன்,
ராமு