10,000 பேர்கூடப் பேசாத மொழிகள்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைப் பதிவாளரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையருமான தங்களுக்கு,

வணக்கம். 2027 பிப்ரவரியில் உங்கள் கணக்கெடுப்பாளர் ஒருவர் அந்தமானில் ஸ்ட்ரெயிட் தீவுக்குப் போவார். கிரேட் அந்தமானியப் பழங்குடியினரைக் குடியமர்த்திய சிறிய தீவு அது. 2011 கணக்குப்படி அந்த மக்கள் மொத்தமே 44 பேர். அவர்களிடம் மொழி பற்றிக் கேட்கப்போகும் கேள்விகளைக் குறித்தே இந்த மடல்.

1858-இல் பிரிட்டிஷார் போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றத்தைத் தொடங்கியபோது, இவர்கள் பத்துக் குழுக்களாகச் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். குழுவுக்கு ஒரு மொழி. குடியேற்றத்தோடு தட்டம்மையும் மேகநோயும் வந்தன. 1901-இல் 625 பேர். 1961-இல் 19 பேர். குடியேற்றத்துக்கு அருகில் பேசப்பட்ட தென்பகுதி மொழிகள்தான் முதலில் போயின. அவற்றுள் ஒன்றான அகா-பேயாவுக்கு, அங்கே வேலை பார்த்த இ. எச். மேன் என்ற ஆங்கில அதிகாரி அகராதி தொகுத்தார். பேசுகிறவர் ஒருவரும் இல்லை. அகராதி மட்டும் இருக்கிறது.

மிஞ்சியவர்கள் பெரும்பாலும் வடபகுதிக்காரர்கள். ஜேரு, போ, சாரே, கோரா என்று வெவ்வேறு மொழிக்காரர்கள். முதலில் புளஃப் தீவிலும் பிறகு ஸ்ட்ரெயிட் தீவிலும் சேர்த்துக் குடியமர்த்தப்பட்டார்கள். தங்களுக்குள் கலியாணம் செய்துகொண்டார்கள். பேச்சும் கலந்தது, ஜேருவை அடித்தளமாகக் கொண்ட ஒரு கலப்பு மொழி உருவானது. அதன்மேல் இந்தி வந்து உட்கார்ந்தது. வங்காளிகளும் தமிழர்களும் தெலுங்கர்களும் ஒருவரோடொருவர் பேசப் பயன்படுத்தும் அந்தமான் இந்தி. (தீவுகளில் 15 விழுக்காட்டினர் தமிழ் பேசுகிறவர்கள். ஆகவே இந்த மாற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.)

போ மொழி தெரிந்த கடைசி ஆள் போவா சீனியர். பல ஆண்டுகள் அந்த மொழியில் பேசத் துணை இல்லாமல் பறவைகளோடு பேசிக்கொண்டிருந்தவர். மற்றவர்களோடு பேச இந்தி கற்றுக்கொண்டார். 2010 ஜனவரி 26-இல் இறந்தார். சாரே பேசிய லிச்சோ 2020 ஏப்ரலில் இறந்தார். இவர்களோடு உட்கார்ந்து மொழியியலாளர் அன்விதா அப்பி எழுதிய இலக்கணத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. மனித உடம்பை ஏழு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னொட்டு. பெயர்ச்சொல், வினை, பெயரடை எல்லாவற்றிலும் அந்த உடம்பு வந்து ஒட்டிக்கொள்கிறது.

சரி, இதற்கும் உங்கள் அலுவலகத்துக்கும் என்ன சம்பந்தம்? 1961 கணக்கெடுப்பு 1,652 தாய்மொழிப் பெயர்களை வெளியிட்டது. 1971 முதல் 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளுக்குத் தனி வரி கிடையாது, 'மற்றவை'யில் போய்ச் சேரும். 2011-இல் மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. மொழிகள் என்று கடைசியில் அட்டவணையில் நின்றவை 121. சில கோடிப் பேர் வாழும் மாநிலத்துக்கு 10,000 என்பது சின்ன எண்தான். மொத்த மக்களே ஐம்பதைத் தொடாத ஒரு சமூகம் அந்த வரம்பை எந்தக் காலத்தில் எட்டும்?

எண்ணிக்கை சிறிதாக இருந்தால் ஆள் அடையாளம் தெரிந்துவிடும் என்று உங்கள் தரப்பில் சொல்லலாம். 44 பேர் என்ற எண்ணை வெளியிட்டதே நீங்கள்தானே. வயது, பால் என்று பிரிக்காமல் மொழிக்கு ஓர் எண் கொடுப்பதில் புதிதாக என்ன வெளியே தெரிந்துவிடப் போகிறது?

உங்கள் அறிவுரைக் கையேட்டைக் குறை சொல்லமாட்டேன். தாய்மொழி என்பது ஒருவரின் சிறுவயதில் தாய் அவரிடம் பேசிய மொழி என்றுதான் அது சொல்கிறது. தெரிந்த பிற மொழிகளைப் பதிய, அவற்றில் எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, புரிந்து பேசினால் போதும் என்கிறது. நல்ல விதிகள். ஆனால் கணக்கெடுப்பாளர் இந்தியில் கேட்பார், பதிலும் இந்தியில் வரும், "தாய்மொழி இந்தி" என்று பதிந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். விதி கையேட்டோடு நின்றுவிடும். பிற மொழிகளுக்கு இரண்டே இடம் என்பது இன்னொரு சிக்கல். இந்தியும் வங்காளமும் அங்கே உட்கார்ந்துவிட்டால், பாட்டியிடம் கேட்டுப் பாதி நினைவிருக்கும் சாரேக்கு இடம் எங்கே?

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அந்தமான் பழங்குடிகளுக்கு 10,000 வரம்பைத் தளர்த்துங்கள். இம்முறை கணக்கெடுப்பு கைபேசிச் செயலியில் நடக்கப்போகிறது. மொழிகளைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு என்றால், ஜேரு, சாரே, போ, கோரா, ஓங்கே, ஜாரவா எல்லாம் தனித்தனிப் பெயர்களாக அதில் இருக்கட்டும். அந்தமானின் வேறு பழங்குடிகள் பேசும் ஓங்கேயும் ஜாரவாவும் வேறு மொழிக்குடும்பம், 'அந்தமானி' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட வேண்டாம். அப்புறம், இந்த மக்களுக்கு மட்டுமாவது பிற மொழிகளுக்கு மூன்றாவது, நான்காவது இடம் கொடுங்கள்.

ஒரு சுற்றறிக்கையில் முடிகிற வேலைதான். கணக்கெடுப்பாளர்களுக்குப் பயிற்சி தொடங்கும் முன் அது போர்ட் பிளேருக்கு, இப்போதைய பெயரில் ஸ்ரீ விஜயபுரத்துக்கு, போய்ச் சேர்ந்தால் நல்லது.

இப்படிக்கு,
அந்தமான் மொழிகளைப் பற்றி விடாமல் படித்துவரும் ஒரு தமிழ் வாசகன்