யாளியை ஆள்தின்னி ஆக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு சிறுவர் பக்கத்தில் மான்டிகோர் என்ற கதை மிருகத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மனித முகம், சிங்க உடம்பு, தேள்கொடுக்கு வால், மனிதரைத் தின்னும் என்று எழுதியிருந்தது சரி, ஆனால் மேலே போட்டிருந்த படம் கோயில் தூணில் இருக்கிற யாளி. எங்கள் குழித்துறைப் பக்கத்துப் பிள்ளைகள் சுசீந்திரம் போகும்போதெல்லாம் தொட்டுப் பார்க்கிற உருவம் அது, இப்போது ஆளைத் தின்னும் மிருகம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டும் வேறு வேறு. மான்டிகோர் கதையை எழுதிவைத்தவர் தெசியாஸ் என்ற கிரேக்க மருத்துவர். சுமார் 2400 வருடத்துக்கு முன்னால் பாரசீக மன்னர் இரண்டாம் அர்த்தக்செர்க்சஸின் அரண்மனையில் வைத்தியம் பார்த்தவர். இந்தியாவில் இருக்கிற மிருகம் என்று, இந்தியப் பக்கமே வராமல், அங்கே காதில் விழுந்ததை வைத்து எழுதினார்: சிவப்பு நிறமாம், மூன்று வரிசைப் பல்லாம், வாலில் இருந்து முள்ளை அம்பு மாதிரி எய்யுமாம், அந்த முள்ளுக்குச் சாகாதது யானை மட்டும்தானாம். அப்புறம் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பௌசானியஸ் என்ற இன்னொரு கிரேக்கர், அது புலியாகத்தான் இருக்கும், அளவுக்கு மீறிய பயத்தில் ஜனங்கள் பல்லையும் முள்ளையும் சேர்த்துவிட்டார்கள் என்று எழுதினார். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. புலியிடம் தப்பி ஓடிவந்தவன் சொன்னது பாரசீகம் போய்ச் சேருவதற்குள் எத்தனை வாய் மாறியிருக்கும்!

நம் யாளியை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கப் பாட்டில் ஆளி என்று வருகிறதே, அதற்கு இரையே யானைதான், தந்தத்தைப் பிடித்து இழுக்கிற பலம் அதற்கு. மான்டிகோரிடம் பிழைக்கிற ஒரே மிருகம் எதுவோ, அதையே அடிக்கிறது ஆளி. பிறகு சிற்பிகள் சிங்க உடம்பில் தும்பிக்கையும் வைத்து, முன்னங்காலைத் தூக்கி எழுந்து நிற்கிற மாதிரி தூணிலேயே செதுக்கிக் காவலுக்கு நிறுத்திவிட்டார்கள். சில கோயில்களில் அதன் வாய்க்குள் ஒரு கல் உருண்டை கிடக்கும், விரலை விட்டால் உருளும், வெளியே மட்டும் வராது. வாயோடு சேர்த்து ஒரே கல்லில் உள்ளுக்குள்ளேயே குடைந்து எடுத்தது அது. அந்தக் கைவேலையைச் சொல்லித்தர வேண்டிய பக்கத்தில் அதை ஆள்தின்னி என்று போட்டது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவில் திருத்தம் போடுங்கள். யாளிக்குத் தனியாக ஒரு கட்டுரையும் வேண்டும், தூணின் படத்தோடு, எந்த ஊர்க் கோயில் என்பதையும் சேர்த்து.

இப்படிக்கு,
குழித்துறை வாசகர்